ஐந்து பேருக்கு ஒரு டிரை சூட்

மலைமேல் தவிட்டுப்பாறை என்று ஓர் ஊர். வீடுகள் நூற்றுப் பதினேழு. யோசனை சொல்லத் தெரிந்தவர்கள் முந்நூற்று நாற்பது பேர். இதில் கைக்குழந்தைகளைச் சேர்க்கவில்லை.

ஊருக்கு நடுவில் ஓர் ஏரி. ஊருக்குப் பொதுவாக ஒரு வெண்கல அண்டா. அந்த அண்டாவில் வடித்த சோற்றைப் போடாமல் நடந்த கல்யாணம் தவிட்டுப்பாறையில் கல்யாணக் கணக்கில் சேராது. மூன்று முடிச்சுக்குப் பதில் முப்பது முடிச்சு போட்டாலும் சேராது.

பொம்மையன் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். ஒன்பது நாள் இருந்தது. அக்கரைக் கோயிலில் இருந்த அண்டாவை எடுத்துவர ஐந்து பேர் பரிசலில் போனார்கள். பொம்மையன், அவருடைய மச்சான் நெட்டைச் சீலமுத்து, உருண்டையான கருத்தப்பன், அண்ணன் தம்பிகளான பெரிய அங்கு, சின்ன அங்கு. ஊரிலேயே பொறுக்கி எடுத்த ஐந்து பேர்.

பூசாரி அண்டாவைக் கொடுக்கும்போது, "தூசியா இருக்கு, கரை சேர்றதுக்குள்ள ஒரு தடவை கழுவிருங்கப்பா" என்றார்.

பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது. கரை சேர்ந்தபின் கழுவினால் சொல்லை மீறியதாகும். எனவே நடு ஏரியில் கழுவினார்கள். உள்பக்கமும் சுத்தமாக வேண்டும் என்று அண்டாவைத் தண்ணீரில் சாய்த்தார்கள். அண்டா தூசி துளியும் இல்லாமல் மூழ்கியது.

சம்பந்தி கூத்தபெருமாளுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. மறுநாளே ஆள் அனுப்பினார். "அண்டாச் சோறு வடிஞ்சாத்தான் தாலி. இல்லேன்னா மேளம் வாசிக்காமலே திரும்பிப் போகும்."

பொம்மையனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மகள் கல்யாணப் புடவையை எடுத்து எடுத்து மடித்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரிய அங்கு ஏரியில் குதித்துப் பார்த்தார். ஆறு எண்ணுவதற்குள் வெளியே வந்தார். பல் அடித்துக்கொண்ட வேகத்தில் என்ன பார்த்தார் என்று சொல்லவே அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் பார்க்கவில்லையாம்.

ஏரியை அளக்க வந்திருந்த பொறியாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தக் குளிர்ல வெறும் உடம்போட முங்க முடியாதுங்க. டிரை சூட்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுக்கிட்டா தண்ணிக்கு அடியிலயும் உள்ள இருக்கிறது காய்ஞ்சே இருக்கும். கடற்கரைப் பட்டணத்துல விக்கிறாங்க."

ஐந்து பேரும் பஸ் ஏறினார்கள்.

கடையை நடத்தியவர் அருள்சீலி அம்மா. பதினெட்டு வருடமாக முத்துக்குளிப்பவர்களுக்கும் கப்பலின் அடிப்பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பவர்களுக்கும் சாமான் விற்றவர். தமக்கு எல்லா விதமான ஆட்களையும் தெரியும் என்று அன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது கனமான ரப்பர், இதுவே சூடு கொடுக்கும். இது மெல்லிசு, உள்ள கம்பளி போட்டுக்கணும். எதுவா இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது. அதுதான் முக்கியம்" என்றார்.

முக்கியமானதை முதலில் பார்த்துவிடுவது பொம்மையன் வழக்கம். குடிக்க வைத்திருந்த கூஜாவை எடுத்து, ஓர் உடையின் கழுத்து வழியாக உள்ளே கவிழ்த்தார்.

"போகுதே அம்மா."

"கழுத்து வழியா ஊத்தினா போகத்தானே செய்யும்."

சீலமுத்து நிதானமாகக் கேட்டார். "அப்ப கழுத்து இல்லாதது இருக்கா?"

அருள்சீலி அம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். "கழுத்துப் பட்டி ரப்பர். இறுக்கிப் பிடிச்சுக்கும். ரெண்டு விரல் நுழையிற மாதிரி இருந்தா அளவு சரி."

"யார் விரல்?" என்றார் கருத்தப்பன்.

நியாயமான கேள்வி. கருத்தப்பனின் இரண்டு விரல் சின்ன அங்குவின் நாலு விரலுக்குச் சமம். இருபது நிமிடம் பேசி, ஆளுக்குப் பாதியாக இருக்கட்டும் என்று கருத்தப்பனுடையது ஒன்று, சின்ன அங்குவுடையது ஒன்று என முடிவு செய்தார்கள். இருவரும் ஒரே கழுத்துப் பட்டிக்குள் விரலை விட்டார்கள். எடுப்பதற்கு அருள்சீலி அம்மா பவுடர் போட வேண்டியதாயிற்று.

"இந்தப் பட்டிக்கு எப்பவும் பவுடர் போட்டுத்தான் கழுத்தை நுழைக்கணும். சரி, முங்கப் போறது யார்? அவருக்கு அளவு எடுக்கிறேன்."

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அது தப்பும்மா" என்றார் பெரிய அங்கு. "ஊர்ப் பொதுச் சாமான். ஒருத்தன் அளவுக்கு எடுத்தா மத்தவனுக்கு மனசு வருத்தப்படும்."

"எங்க ஊர்ல பொதுவுக்கு எது எடுத்தாலும் எல்லா அளவையும் கூட்டி வகுத்துத்தான் எடுப்போம்" என்றார் சீலமுத்து. "பொதுக் கட்டில் அப்படித்தான் செஞ்சோம். இன்னைவரைக்கும் அதுல ஒருத்தர்கூடச் சுகமாப் படுத்தது இல்லை."

அளந்தார்கள். உயரம் அறுபத்திரண்டு, எழுபத்துநாலு, ஐம்பத்தெட்டு, எழுபது, அறுபத்தொன்று அங்குலம். கூட்டினால் முந்நூற்று இருபத்தைந்து. ஐந்தால் வகுத்தால் அறுபத்தைந்து. இடுப்பு முப்பது, முப்பத்துநாலு, கருத்தப்பனுக்கு ஐம்பத்திரண்டு, அப்புறம் முப்பத்தொன்று, இருபத்தெட்டு. வகுத்தால் முப்பத்தைந்து. கணக்கில் அவர்கள் ஒருபோதும் பிசகியதில்லை.

"இந்த அளவுல உங்கள்ல ஒரு ஆள்கூட இல்லையே?"

"இல்லைதான்" என்றார் பொம்மையன். "அதனாலதான் யாரும் குறை சொல்ல முடியாது."

அறுபத்தைந்துக்கு முப்பத்தைந்தில் ஒரு டிரை சூட் எடுத்துக் கட்டினார் அந்த அம்மா. விற்ற சாமானுக்காக அவர் மனம் வருந்தியது அன்று ஒரு நாள்தான்.

ஊரில் போட்டுப் பார்த்தார்கள். முதலில் ஐவரும் கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டார்கள். ஒன்றரை டப்பா ஆயிற்று. சீலமுத்துவுக்குக் கழுத்துப் பட்டி மார்போடு நின்றது. பெரிய அங்கு உள்ளே போய்விட்டார், ஆனால் நிமிர முடியவில்லை. ரொம்ப நேரம் எல்லோரையும் கும்பிடுகிற மாதிரியே நின்றார். கருத்தப்பனுக்கு ஒரு கால் போயிற்று. அந்தக் கால்தான் திரும்பி வர மறுத்தது. சின்ன அங்குவுக்குக் குதிகால் அளவு மட்டும் சரியாக இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் காற்று. பொம்மையன் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். காற்று எல்லாம் காலுக்குப் போய், தலை கீழேயும் கால் மேலேயும் மிதந்தார். ஆனால் நனையவில்லை. தலை மட்டும் நனைந்தது.

"அப்பா, ஒருத்தர் அளவுக்கே எடுத்திருக்கலாமே" என்றாள் செவ்வந்தி.

"பாவம், பொம்பளப் பிள்ளை. ஊர் விவகாரம் புரியாது" என்றார் கருத்தப்பன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பொம்மையன் ஏரிக்கரையில் உட்கார்ந்து டிரை சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கழுத்து வெறுமையாகவே இருந்துவிடுமோ என்ற நினைப்பு அவரைத் தின்றது. சாதாரண நாளில் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். அப்போதுதான் அது தோன்றியது.

"மச்சான், வழக்கம் என்ன சொல்லுது? அண்டாவுல சோறு வடிக்கணும். அண்டாவை வெளிய எடுத்து வடிக்கணும்னு சொல்லுதா?"

சீலமுத்து கண்ணை மூடி யோசித்தார். "சொல்லலை மாமா."

"அண்டா இருக்கிற இடத்துலயே வடிச்சா?"

"தண்ணி வேணுமே."

"அங்க தண்ணிக்கா குறைச்சல்?"

ஐவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. அரிசியும் அடுப்பும் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

"அடுப்பு நனைஞ்சிரும்" என்றார் சின்ன அங்கு.

பொம்மையன் டிரை சூட்டைத் தட்டிக் காட்டினார். "உள்ள இருக்கிறது காய்ஞ்சே இருக்கும்னு படிச்சவர் சொன்னாரு. நம்ம யாருக்கும்தான் பொருந்தலை. விறகைன்னா அளவுக்கு ஒடிச்சுக்கலாம்."

அன்றுவரை அந்த உடைக்கு அவ்வளவு பொருத்தமான ஆள் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டார் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கரையில் வந்து நிற்க, வேலை நடந்தது. வலது காலில் விறகு. இடது காலில் அரிசி. வயிற்றில் ஒரு சட்டித் தணல். கழுத்துப் பட்டிக்குப் பவுடர் போட்டு, வாயைக் கட்டி, நாலு கல்லைச் சேர்த்துப் பிணைத்து, நடு ஏரியில் இறக்கினார்கள்.

கூத்தபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "சோறு எங்க சம்பந்தி?"

"அடுப்புல ஏத்தியாச்சு."

சற்று நேரத்தில் தணல் ரப்பரைத் தின்று ஓட்டை போட்டது. நடு ஏரியில் குமிழி ஒன்று வந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. பொம்மையனுக்கு எண்ண முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"கொதி வந்துருச்சு" என்றார் அவர்.

கூத்தபெருமாள் மணமேடையைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய முக்கால் மணி இருந்தது. "கொதி வந்தாப் போதுமா? வடிக்கணும்ல. சோறு குழைஞ்சா எங்க பக்கத்து ஆளுங்க சாப்பிட மாட்டாங்க."

பொம்மையன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஐவரும் ஏரியை வடிக்கக் குடத்தை எடுத்தார்கள். ஊரே எடுத்தது. மாப்பிள்ளை வீட்டாரும் சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கையில் கிடைத்ததை எடுத்தார்கள். மாலையைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு மாப்பிள்ளையும் நாலு குடம் வடித்தான். கரைக்கு அந்தப் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி, வடித்த கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினார்கள். அறுநூற்று எழுபது குடம் ஆனபோது ஏரி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

கூத்தபெருமாள் தொட்டியருகே போனார். ஒரு கை அள்ளிக் குடித்தார். முகம் சுருங்கியது. குடங்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"என்ன சம்பந்தி, கஞ்சி ரொம்பத் தண்ணியா இருக்கு?"

பொம்மையன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "பழைய அரிசிங்க. அப்படித்தான் இருக்கும்."

கூத்தபெருமாள் இன்னொரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

"ஆமா, பழசுதான்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.