இல்லாத வேட்டி

எழுத்தாளர் தில்லைநாயகம் தன்னையே நாயகனாக்கிச் சிறுவர்களுக்கு ஒரு படக்கதை எழுதினார். அதைப் புது ஓவியர் அஞ்சுகத்திடம் நீட்டினார்.

"நான் எழுதாத ஒரு கோடு இருந்தாலும் வேறு ஆளை வைத்துக்கொள்வேன்!"

மறுவாரம் பதிப்பாளர் முன்னால் அஞ்சுகம் முதல் படத்தை விரித்தாள். பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். படத்தில் முறுக்கு மீசையோடு தில்லைநாயகம் சந்தைக்குப் போகிறார். விரித்த குடையை இடுப்புக்கு முன்னால் பிடித்திருக்கிறார். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை.

"என் வேட்டி எங்கே?" என்று அலறினார் எழுத்தாளர்.

"கதை முழுக்கத் தேடினேன் ஐயா. மீசை இருக்கு, குடை இருக்கு, வேட்டியைக் காணோம். குடையைத் தாழ்த்திப் பிடிக்க வச்சதுதான் என் சொந்தச் சரக்கு. தப்புன்னா மேலே தூக்கிடறேன்."

"ஐயோ, தூக்காதேம்மா! இனி உன் இஷ்டப்படியே வரை!"