வராத கம்பெனியின் மேசை

வேலைவாய்ப்பு முகாமைத் தொடங்கிவைக்க அமைச்சர் மருதவாணன் வந்திருந்தார். தனக்கு மேடைப்பேச்சு கற்றுத்தந்த கோமளவல்லி டீச்சரையும் அழைத்திருந்தார். மாலைகள் வந்துவிட்டன. கம்பெனிகளில்தான் பாதி வரவில்லை.

மேடைக்குப் பின்னால் காபி குடிக்கும்போது அமைச்சர் கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுப்பா."

"தனியார் கம்பெனிங்க ஆளே எடுக்க மாட்டேங்குது. ஜனங்க என்னைத்தான் கேக்கறாங்க. பழைய ஆட்சியைக் குறை சொல்லட்டுமா, டெல்லியைச் சொல்லட்டுமா? எது எடுபடும்?"

"ரெண்டும் பொய்யா?"

"சேச்சே. ரெண்டுலயும் உண்மை இருக்கு."

"அப்ப உனக்கென்ன பயம்?" என்று டீச்சர் எழுந்து அரங்குக்குள் நடந்தார். அமைச்சர் பின்னாலேயே போனார்.

மேசைகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில், கம்பெனியின் பெயர்ப்பலகை. பாதி மேசைகளுக்குப் பின்னால் ஆள் இல்லை. வர முடியாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டவர்களின் மேசைகள் அவை. போட்டோவில் காலியாகத் தெரியக்கூடாது, பலகையையாவது வையுங்கள் என்று சொன்னவர் மருதவாணன்தான்.

வெறும் பலகை நின்ற ஒரு மேசைக்கு முன்னால் பெரிய வரிசை. முதல் ஆளாக ஒரு பெண். டீச்சர் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்ன படிச்சிருக்கம்மா?"

"மெக்கானிக்கல். பேரு சுகிர்தா. விடியக்காலையிலயே வந்துட்டேன் மேடம். டீ குடிக்கக்கூடப் போகல, போனா இடம் போயிடும்."

மருதவாணன் டீச்சரின் காதோரம் குனிந்தார். "மேடைக்கு வாங்க டீச்சர். இந்த மேசைக்கு யாரும் வரப்போறதில்ல."

"அதை ஏன் எங்கிட்ட சொல்ற? நானா வேலை தேடி வந்திருக்கேன்?"

பின்னால் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "மினிஸ்டரே லைன்ல நிக்கறாருடா. அவருக்கும் வேலை இல்ல போல!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சுகிர்தா மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அவங்க எப்ப வருவாங்க?"

மருதவாணன் தொண்டையைச் செருமினார். "கடந்த ஆட்சியில பாத்தீங்கன்னா..."

"அது சரி சார். இந்த டேபிளுக்கு எப்ப வருவாங்க?"

அவர் கை தானாகப் போய்ப் பலகையை எடுத்தது.

"ஐயோ, எடுக்காதீங்க சார்! அது இல்லன்னா, அவங்க வந்து எங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

அமைச்சர் டீச்சரைப் பார்த்தார். "நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"யாரைக் குறை சொல்றதுன்னு எங்கிட்ட கேட்டியே. அதை இவகிட்ட சொல்லு."

மைக்கில் அவர் பெயரை, அத்தனை பட்டங்களோடும், அழைத்தார்கள். மருதவாணன் பலகையை, எழுத்து வெளியே தெரியாதபடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.