இரண்டு கையெழுத்து

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று அழைத்தாள். சிஷ்யை குருவை டீச்சர் என்று அழைத்தாள்.

கரூரில் ஒரு குவில்ட் கம்பெனி. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை விரித்து, மேலே கொடியும் சுருளுமாகத் தைத்து அனுப்புவார்கள். அங்கே புதிதாக ஒரு லாங் ஆர்ம் மெஷின் வந்திறங்கியது. கட்டிலைவிட நீளமான சட்டத்தில் துணி அசையாமல் கிடக்கும். மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். கைப்பிடிகளைப் பிடித்து, ஊசியைப் பேனாவைப் போல நடத்த வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவள் பானு.

சிஷ்யை ரங்கநாயகிக்கு அந்த மெஷின் கிடைத்தாக வேண்டும். இத்தனை வருஷம் தையல் மெஷினில் குனிந்து துணிக்கு ஓரம் அடித்ததில் கழுத்து தேய்ந்துவிட்டது. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மெஷினை நின்றுகொண்டே ஓட்டலாம். ஆனால் முதலாளி சனிக்கிழமை வந்து பார்ப்பார். கொடி ஒழுங்காக வராவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆரம்பத்தில் அவளுடைய இடது கை பழக்கதோஷத்தில் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"துணி எங்கயும் ஓடிறாதுங்கக்கா" என்றாள் பானு.

அந்தப் பழக்கம் போயிற்று. கொடிதான் வரவில்லை. வளைய வேண்டிய இடமெல்லாம் முனை முனையாக உடைந்தது. பக்கத்தில் ஓரம் அடிக்கும் சுந்தராம்பாள் எட்டிப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கிறதே, முட்டை எங்கே என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ரங்கநாயகி சீக்கிரமே வந்து துணி முழுக்கச் சாக்பீஸால் கொடி வரைந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேலேயே ஊசியை நடத்தினாள். ஒரு முழம் போனதும் நிறுத்திப் பார்த்தாள். கோட்டை விட்டு எங்கேயும் விலகவில்லை. ஆனால் கொடி முழுக்க நடுக்கம், குளிரில் நிற்கிறவள் வரைந்ததுபோல.

"கோட்டு மேலதான போனேன் டீச்சர்? அப்புறம் ஏன் இப்படி வருது?"

பானு மேஜையிலிருந்து ஒரு துண்டுத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னாள்.

ரங்கநாயகி மகளிர் குழுத் தலைவி. பேங்கில் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து. போடும்போதே, தாளைக்கூடப் பார்க்காமல், சுந்தராம்பாள் பக்கம் திரும்பி, டீ வந்ததா என்று விசாரித்தாள்.

பானு அந்தத் தாளின் மேல், கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பட்டர் பேப்பரை வைத்தாள்.

"இப்ப அதும் மேலயே எழுதுங்கக்கா. ஒரு நூல்கூட விலகக்கூடாது."

ரங்கநாயகி குனிந்தாள். கழுத்து வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சுழியாக ஏறி இறங்கினாள். டீ வந்து, ஆடை கட்டி, ஆறியது. நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"பாருங்க, விலகவே இல்ல."

"ஆமாங்கக்கா, விலகல."

பானு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தாள்.

"இதுல எதைக் குடுத்தா பேங்க்ல ஒத்துக்குவாங்க?"

ரங்கநாயகி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாவது தாளில் அவள் பெயர் அந்தக் கொடியைப் போலவே நடுங்கியது. யாரோ அவள் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டதுபோல இருந்தது.

மெஷினிடம் போய், உலர்ந்த துணியால் சாக்பீஸ் கோடுகளைத் தட்டித் துடைத்தாள். கடைசிக் கோடும் போனபிறகு கைப்பிடிகளைப் பிடித்தாள். தோள் இறுகியிருந்தது. ஊசியை இறக்கவில்லை.

பிறகு கூப்பிட்டாள்.

"சுந்தராம்பா, இப்படி வந்து நில்லு. எதாச்சும் பேசிக்கிட்டே இரு."