தலை குனிந்த மானிட்டர்கள்

ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி நாச்சிமுத்து இருக்கிறாரே, அவர் உள்ளே வந்தால் கடையே எழுந்து தலை குனிய வேண்டும். ஒருநாள் பில் போடும் அம்சவேணி மட்டும் குனியவில்லை.

"ஏம்புள்ள, திமிரா?"

"கழுத்து வலிங்கய்யா. மானிட்டரை அண்ணாந்து பார்த்தே புடிச்சுக்கிச்சு. ஏத்தி இறக்குற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"அந்த மாதிரி மானிட்டர் எனக்கு மட்டுந்தான்!"

அவருக்குப் புதிது வந்திறங்கியது. அம்சவேணி அதை மெல்ல இறக்கி, முன்பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள்.

"உங்களைக் கண்டதும் எப்படிக் குனியுது பாருங்கய்யா! எங்களுதெல்லாம் நீங்க வந்தாலும் விறைச்சுக்கிட்டே நிக்குதுங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "எல்லாத்தையும் மாத்துங்க!"

இப்போது அவர் வரும்போதெல்லாம், பில் போடுகிறவர்கள் சாய்த்துவிட, மானிட்டர்கள் வரிசையாகக் குனிகின்றன. அந்தப் பூரிப்பில், நிமிர்ந்து நிற்கிற அம்சவேணியை அவர் கவனிப்பதே இல்லை.