பாறை வழியாகப் போன பன்றி

"பால் ஒண்ணுதான் குட்டிங்களா, ஆனா..." என்று கூட்டத்தின் கிழட்டுப் பன்றி எப்போதோ சொன்னது. மீதி மொந்தனுக்கு நினைவில்லை. கிழடு போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

மொந்தனும் ஈர்க்கனும் ஒரே ஈற்றில் பிறந்த காட்டுப்பன்றிகள். ஒரே கிழங்கைத் தோண்டி, ஒரே குட்டையில் தண்ணீர் குடித்து வளர்ந்தவை. ஈர்க்கன் பெயருக்கேற்ற ஒல்லி. மொந்தனும் பெயருக்கேற்றபடிதான் இருந்தது.

தினமும் காலையில் ஆள்காட்டிக் குருவி குட்டைக்கரைக்கு வரும். சேற்றில் பதிந்த குளம்படிகளில் தன் நீளக் காலை விட்டுப் பார்க்கும். யாருடையது எவ்வளவு ஆழம் என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும்.

"ஈர்க்கனுக்கு விரல்தான் நனையுது. மொந்தனுக்கு முட்டி வரைக்கும் முழுகுது! கரை உடைஞ்சா யாரு பொறுப்பு?"

கூட்டம் சிரிக்கும். ஈர்க்கன் சிரிக்காது. புத்தி சொல்லும். மொந்தனுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"வாயைக் கட்டு மொந்தா. நான் நாலு கிழங்கோட எழுந்துக்கறேன் இல்ல? மனசு வச்சா முடியாதா?"

மொந்தன் மனசு வைத்தது. ஒரு மாதம் நாலு கிழங்கோடு எழுந்தது. குளம்படியின் ஆழம் கொஞ்சம் குறைந்தது. பசி மட்டும் இரண்டு மடங்கானது. நடந்தாலும் படுத்தாலும் கிழங்கு நினைப்பு. ஒருநாள் தாங்க முடியாமல் ஒரு சரிவு முழுவதையும் தோண்டித் தின்றது.

"திரும்பவும் முட்டி!" என்றது ஆள்காட்டி.

அதன்பின் மொந்தன் சேற்றுப் பக்கமே வரவில்லை. தடம் பதியாத பாறைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு, எல்லோரும் போன பிறகு குட்டைக்கு வந்தது. கலங்கிய தண்ணீரைக் குடித்தது. தனியாகத் தின்றது. கொஞ்ச நாளில் கூட்டத்தில் அதன் பெயரைச் சொல்பவரும் இல்லை.

கோடையில் ஈர்க்கனின் கால் வேடன் சுருக்கில் மாட்டியது. அறுத்துக்கொண்டு வந்து புதரில் விழுந்தது. இரை தேடி மேட்டுக்குப் போன கூட்டம் அதற்காக நிற்கவில்லை.

மொந்தன் வந்தது. அந்த வறட்சியில் ஒரு நாளுக்கு ஆறு கிழங்கு கிடைத்தாலே அதிகம். மூன்றை ஈர்க்கன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடும். மழை வரும்வரை தினமும் அப்படித்தான்.

கால் ஆறியது. எலும்பும் தோலுமாக எழுந்த ஈர்க்கன் தின்னத் தொடங்கியது. நாலில் நிற்கவில்லை. பத்திலும் நிற்கவில்லை. மழை முடிவதற்குள் ஆள்காட்டி கத்தியது: "ஈர்க்கனுக்கும் முட்டி!"

அன்று எல்லோரும் போன பிறகு, ஈர்க்கன் நொண்டிக்கொண்டே பாறை வழியாகக் குட்டைக்கு வந்தது.

"மொந்தா, வயிறு நிறைஞ்சுதான் இருக்கு. பசி விடமாட்டேங்குது. படுத்தா காதுக்குள்ள வந்து பேசுது. உனக்கும் இப்படித்தானா?"

"பொறந்ததுலேருந்து."

ஈர்க்கன் குனிந்து கலங்கிய தண்ணீரைக் குடித்தது.

"அப்புறம் எப்படிடா எனக்கு மூணு கிழங்கை விட்டுட்டுப் போன?"



"கிழடு ஏதோ சொல்லுமே, பால் ஒண்ணுதான்னு..." என்றது மொந்தன்.

"மீதி எனக்கும் மறந்துபோச்சு," என்றது ஈர்க்கன்.

எல்லா உடம்புக்கும் பசி ஒரே அளவில் வாய்ப்பதில்லை; ஒருவரின் பருமனைப் பார்த்து அவருடைய மன உறுதியை அளக்கக் கூடாது.

மறுநாள் காலை, ஆள்காட்டி காத்திருக்கும் நேரத்திலேயே, சேற்று வழியாக இறங்கித் தண்ணீர் குடிப்பது என்று மொந்தன் முடிவு செய்தது.