நேரில் வந்த கணக்குதாரர்

சுடலைமுத்து செத்து இருபது நாளாயிற்று. அவர் கணக்கிலிருந்த பணத்தை வாங்க, மனைவி பேச்சியம்மாள் இறப்புச் சான்றிதழும் கையுமாக மூன்று தடவை பேங்குக்கு நடந்துவிட்டாள். நாமினியும் அவள்தான். மேனேஜரோ அவள் நீட்டிய விண்ணப்பப் பாரத்தைத் தொடவே மாட்டேன் என்றார்.

"கணக்கு யார் பேர்ல இருக்கோ, அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ரூல்னா ரூல்தாம்மா."

"அப்படியா சார்? நாளைக்கே வரச் சொல்லுதேன்."

மறுநாள் மத்தியானம் மேனேஜர் அறை ஜன்னலில் வாழையிலையைப் போட்டு, செத்தவருக்குப் படைக்கிற மாதிரியே சோறும் பருப்பும் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தது.

"அவரு வந்துட்டாரு சார். எங்க கையெழுத்துப் போடணும்னு சீக்கிரம் காட்டுங்க. சாப்பிட்டதும் கிளம்பிருவாரு."

மேனேஜர் எழுந்து நின்று கத்தினார். "என்னம்மா விளையாட்டு இது? செத்துப்போனவர் எப்படிம்மா கையெழுத்துப் போடுவார்?"

பேங்கே திரும்பிப் பார்த்தது.

"இதைத்தானே சார் நானும் மூணு தடவை நடந்து வந்து சொன்னேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் காக்கா பறந்தே போயிற்று. ஆனாலும் பாரத்தில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. மேனேஜருடையது.