ஆடாத கோல்

ஆனைக்கரட்டு ஜமீன்தாருக்குக் குறி தப்பியதே இல்லையாம், அவரே சொல்லிக்கொள்வார். அன்றைக்கு விருந்தாளிகள் கண்ணெதிரே, நின்ற பன்றியைச் சுட்டும் அது தப்பி ஓடிவிட்டது. துப்பாக்கியைத் தாங்க இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டிக் கோலாகக் கொடுத்த வேலைக்காரன் சக்கணன்மேல் பாய்ந்தார்.

“கோல் ஆடிருச்சுடா! நான் வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஆடாத கோல் கட்டு. இல்லே, புளியமரத்துல கட்டிவெச்சுத் தோலை உரிச்சுருவேன்!”

சக்கணன் அதே கோலை இறுக்கிக் கட்டி ஊன்றினான். துப்பாக்கியிலிருந்து குண்டை உருவிவிட்டு, குழலைக் கோல்மேல் சாய்த்து, பின்கட்டையைத் தன் தோளிலேயே வைத்துவிட்டான்!

எசமான் துப்பாக்கியை வேலைக்காரன் தொடுவதா? கூட்டமே விக்கித்துப் போனது.

“குழல்மேல ஒரு வெத்தலை வைங்க சாமி” என்றான். விருந்தாளி ஒருவர் வைத்தார். இலை அசையவில்லை.

“இப்ப எசமான் பிடிங்க.”

ஜமீன்தார் பிடித்தார். வெற்றிலை வெடவெடவென்று நடுங்கிக் கீழே விழுந்தது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் விழுந்தது.

சக்கணன் பணிவாகக் கேட்டான்: “கோலைக் கட்டியாச்சுங்க. இனி எதைக் கட்டணும்னு எசமான்தான் சொல்லணும்.”